தண்ணீர் குடிக்கிற நாய்

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் முகாமின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'தற்காலிகப் பாதுகாப்பு முகாம்' என்று எழுதியிருக்கும். 'தற்காலிக' என்ற சொல் வெயிலில் வெளுத்துப்போகும்போதெல்லாம் ஏணி போட்டு ஏறிப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். எத்தனை தடவை அடித்திருக்கிறார்கள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

வெளிநாட்டுப் பட்டாளம் வந்து இறங்கியபோது அது நான் படித்த பள்ளிக்கூடம். ஆறே மாதம், நிலைமை சரியானதும் கிளம்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் படிப்பு அத்தோடு நின்றது. கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். நான் அந்த வாசலில் கடைசியாகப் புத்தகப் பையோடு நின்ற வயதை அவள் எட்டப்போகிறாள். நிலைமைதான் இன்னும் சரியாகவில்லை. எந்த நிலைமைக்காக வந்தோம் என்பது அவர்களுக்கே மறந்து போயிருக்கும்.

ஒரு பட்டாளம் போகும், இன்னொன்று வரும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் புதுமாப்பிள்ளை மாதிரி இருப்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கையாட்டுவார்கள். அப்புறம் எங்கேயாவது ஒரு வெடி வெடிக்கும். கையாட்டின கை துப்பாக்கிக்குப் போய்விடும். வீடு வீடாகச் சோதனை ஆரம்பமாகும். பேர் என்ன, எத்தனை பேர் இருக்கிறீர்கள், மேலே என்ன, கீழே என்ன. இத்தனை வருடத்தில் எங்கள் அலமாரியில் இருக்கும் கிழிந்த துணிகூட அவர்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் மனப்பாடம் பண்ணினவன் அதற்குள் விமானம் ஏறியிருப்பான். அடுத்தவன் முதலிலிருந்து கேட்பான்.

என் வீட்டுக்காரர் பேட்டரி கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் இந்தத் தொழில் நன்றாகவே ஓடியது. வண்டி பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி என்று வரிசையாக அடுக்கி, சிவப்பு கிளிப்பும் கறுப்பு கிளிப்பும் மாட்டி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருப்பார். ஆசிட் பட்டுப் பட்டு அவருடைய எல்லாச் சட்டையிலும் முன்பக்கம் ஓட்டைதான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கடையில் உட்காரக் கூடாது என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது. தெருவில் அவருக்குப் பேரே பேட்டரிதான். மகளுக்குக் கீச்சு. பிறந்ததிலிருந்து அந்தக் குரல்.

வயரும் ஆசிட்டும் இருக்கிற கடை என்றால் சோதனைக்கு வருகிறவர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. அன்று மத்தியானமும் வந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு கூடவே மொழிபெயர்ப்பாளரும் வந்தார். நம் ஆள்தான், எந்தத் தெரு என்று தெரியாது. அவரை எல்லோரும் 'வாய்' என்போம். இந்தத் தடவை ஒரு நாயும் வந்தது. பழுப்பு நிறம், இடது காது நுனி கிழிந்திருந்தது. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கிற நாய். அது பேட்டரிகளுக்கு நடுவில் போய்த் தும்மியது. ஆசிட் நெடி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கிறுக்குப் பிடித்த மாதிரி தலையை உதறிக்கொண்டு வாசலுக்குத் திரும்பியபோது, இப்போது தகரக் கொட்டகையில் நடக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்த கீச்சு உள்ளே காலை வைத்தாள். கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

கவ்விய நாயை இழுத்தார்கள். ஒருவன் மண்டி போட்டு உட்கார்ந்து மருந்து வைத்து அழகாகக் கட்டுப் போட்டான். சாக்லெட்கூடக் கொடுத்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போக வேண்டியிருந்தது. போய்விட்டான்.

சுகாதார நிலையத்து கம்பவுண்டர் கட்டைப் பிரித்து, சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினார். பிறகு பிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே விளக்குகூட எரியவில்லை.

"ஊசி இல்லம்மா. இருந்ததும் கரண்ட் இல்லாம கெட்டுப்போச்சு. டவுன் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"டவுன் போற பாலத்தை மூடி வெச்சிருக்காங்களே?"

"அதான். பட்டாளத்தோட தேடுதல் வேட்டை முடியற வரைக்கும் திறக்க மாட்டாங்களாம்." அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு கேளுங்க. பட்டாளத்து நாய், கண்டிப்பா போட்டிருப்பாங்க. போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நிம்மதியா இருக்கலாம். சொல்லலேன்னா நாயைப் பத்து நாள் கவனிங்க. நல்லா சாப்பிட்டு, தண்ணி குடிச்சு, உயிரோட இருந்தா உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

நாய் கடித்தால் பத்து நாள் நாயைப் பார்க்கச் சொல்வது எங்கள் ஊரில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான். யார் வீட்டு நாயோ, அந்த வீட்டு வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். அதில் ஒரு தப்பும் இல்லை. யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் முகாம் வாசலுக்குப் போனோம். மணல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கிக் காட்டி, வாயைக் கூப்பிடச் சொன்னோம். வெயில் மண்டையைப் பிளந்த பிறகுதான் வந்தார்.

"அண்ணே, அந்த நாய்க்கு வெறிநாய் ஊசி போட்டிருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். "வேற ஒண்ணும் வேண்டாம்."

வாய் உள்ளே போய்விட்டு வந்தார். "சொல்ல மாட்டாங்களாம்."

"ஏன்?"

"நாயும் ஆயுதக் கணக்குல வருது. ஆயுதத்தைப் பத்தி வெளியாளுக்கு எதுவும் சொல்லக் கூடாதுன்னு ரூல்."

"அப்ப அவங்க ஆஸ்பத்திரியில இருக்கற ஊசியையாவது பொண்ணுக்குப் போடச் சொல்லுங்க."

"காயத்துக்குத்தான் கட்டுப் போட்டாச்சேன்னு சொல்றாங்க." வாய் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, போட்டிருப்பாங்க. கவலைப்படாதீங்க, வீட்டுக்குப் போங்க."

போட்டிருப்பாங்க. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் எதிர்ச்சாரியில் இருக்கும் கறிக்கடைக்காரர் வந்து அதையும் பிடுங்கிப் போட்டார். நல்ல மனுஷன், ஆனால் மனதில் ஒன்று இருந்தால் அவருக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வராது.

"தங்கச்சி, சொல்லாம இருக்க மனசு கேக்கல. அந்தக் காது கிழிஞ்ச நாய் போன வாரம் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. நான் கழிவு கொட்டற இடத்துல ஒரு தெருநாயோட கட்டிப் புரண்டுச்சு. அந்தத் தெருநாய் நல்லா இல்லம்மா. எச்சில் ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு நாள்ல செத்துப்போச்சு. நானேதான் புதைச்சேன்."

உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் கீச்சு கையில் கொடுத்து, குடி என்றேன். குடித்தாள். இன்னும் கொஞ்சம் குடி என்றேன். 'போம்மா, வயிறு உப்பிப்போச்சு' என்றாள். வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் என் காதில் விழுந்தது. அதிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. உட்கார்ந்தால் தண்ணீர், எழுந்தால் தண்ணீர். கடித்தவுடனே எதுவும் வராது, வாரக்கணக்கில் ஆகும் என்று கம்பவுண்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பயத்துக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது?

என் வீட்டுக்காரர் மாடிக்குப் போய் நின்றார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் முகாமின் உள்பக்கம், நாங்கள் அந்தக் காலத்தில் கோகோ விளையாடிய மைதானம் தெரியும். அங்கேதான் நாய்களைக் காலையிலும் மாலையிலும் அவிழ்த்து விடுவார்கள். ஆனால் தூரம். நாய் தெரியும், காது தெரியாது. தண்ணீர் குடிக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது.

அதனால் அவர் கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் போய் ஜூம் வைத்த கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் பாவம், முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். பிள்ளை விஷயம் என்று இவர் கெஞ்சவும் கொடுத்துவிட்டார். கேமராவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

"என்னங்க இது? அவங்க பாத்தா?"

"பாத்தா என்ன? நாயைத்தானே பாக்கறேன்."

"நாயைப் பாக்கறீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டா சொல்லிடுவேன். ஒளிச்சு வெச்சாத்தான் தப்பு. எதிர்லயே நின்னு பாத்தா யார் என்ன சொல்லப்போறா?"

அப்படிப்பட்ட மனுஷன். பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், கிளிப்பை மாற்றி மாட்டினால் புகையும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. காரணத்தைச் சொன்னால் எவனும் கேட்டுக்கொள்வான் என்று நம்பினார். நானும் தடுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அந்த நாயின் வாய் நனைவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதல் நாளே படம் பிடித்துவிட்டார். ஒரு சிப்பாய் ரப்பர் குழாயைத் தூக்கிப் பிடிக்க, காது கிழிந்த நாய் துள்ளித் துள்ளித் தண்ணீரைக் கவ்வியது. ஓடி வந்து எனக்குக் காட்டினார். அந்தச் சின்னத் திரையில் ஒரு நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். சாமி வந்து நின்றிருந்தால்கூட அப்படி அழுதிருப்பேனா தெரியாது.

அதன்பிறகு தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் மாடி, மாலையில் மறுபடி மாடி. ஏன் என்று கீச்சுவிடம் சொல்லவில்லை. அவள் 'அப்பா நாய் சினிமா பாக்கறாரு' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். பிறகு தெருவே கேட்க ஆரம்பித்தது. வண்டி பேட்டரி கொண்டு வருகிறவன், "என்னண்ணே, இன்னிக்குக் குடிச்சுதா?" என்பான். "மடக்கு மடக்குன்னு குடிச்சுது" என்பார். கறிக்கடைக்காரர் தான் செய்ததற்குப் பரிகாரம் போல, தன் கடை மாடியில் ஏறி நின்று தானும் பார்த்துச் சொல்வார்.

நடுவில் ஒரு நாள் நாய் வரவில்லை. மற்ற நாய்கள் ஓடின, அது மட்டும் இல்லை. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கீச்சுவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெரிய பெண்ணை எதற்கு மடியில் போட்டுக்கொள்கிறாய் என்று அவளே கேட்டாள். செத்துப்போச்சா, செத்துப்போச்சா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் மாடியிலிருந்து இவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "வந்துடுச்சு! குடிக்குது! குடிக்குது!"

அந்தச் சத்தம் முகாமுக்கும் கேட்டிருக்கும்.

இன்னும் ஒரே நாள்தான் பாக்கி என்ற நிலையில் வந்தார்கள். இவர் மாடியில் கேமராவோடு நின்றிருந்தார். நான் கீழே கடையில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் என்னைத் தாண்டி மேலே ஏறியது. திரும்பி இறங்கியபோது நடுவில் இவர் இருந்தார், கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். ஓட்டைச் சட்டை. 'நாய்ங்க, நாயைத்தான், நாய்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். தலையில் பையைக் கவிழ்த்த பிறகும் உள்ளேயிருந்து நாய் நாய் என்று கேட்டது. வாய் அன்று அவர்களோடு வரவில்லை. மொழிபெயர்க்க ஆளில்லாமல் அந்த ஒரு சொல்லையே அவர் சொல்லிக்கொண்டு போனார்.

முகாம் வாசலில் போய் விழுந்தேன். கறிக்கடைக்காரரும் கம்பவுண்டரும் வந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் வாய் வந்தார்.

"அக்கா, கேமராவைப் போட்டுப் பாத்தாங்க. முழுக்க நாய். எந்நேரம் அவிழ்த்து விடறாங்க, எந்நேரம் கட்டறாங்க, யார் தண்ணி குடுக்கறாங்க, எல்லாம் இருக்கு."

"ஆமா! அதைத்தான் நாங்க சொல்றோம்! நாயைத்தான் பாத்தார்!"

"அதான்க்கா தப்பு." அவர் கண்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. "குண்டைக் கண்டுபிடிக்கற நாயை யாருக்குக் கொல்லணும்? குண்டு வெக்கறவனுக்கு. நாயைக் கொல்லத்தான் நோட்டம் பாத்திருக்கார்னு சொல்றாங்க. வேற எதையாவது எடுத்திருந்தாக்கூடப் பரவாயில்ல."

"பொண்ணைக் கடிச்சுதுன்னு சொல்லுங்க! அன்னிக்கு நீங்களும்தானே இருந்தீங்க?"

"சொன்னேன். அப்ப பழிவாங்கவும் காரணம் இருக்குன்னு எழுதிக்கிட்டாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அது இன்னொரு குற்றமாகிறது. எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிஷத்தில் புரிகிற விஷயம். நாய் கடித்தது, நாயைப் பார்க்கிறான். இத்தனை வருடம் எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமலேயே ஒரு ஊரைக் காவல் காக்கிறார்களாம். யாரிடமிருந்து யாரை?

மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். கேமரா இல்லாததால் ஒரு பழுப்புப் புள்ளிதான் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் வெயிலில் மின்னியது. புள்ளி துள்ளியது, துள்ளியது. துள்ளல்தான் அடையாளம். பத்தாம் நாள். என் மகள் பிழைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் அவர் இல்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தினமும் வாசலுக்குப் போனேன். விசாரணை நடக்கிறது என்றார்கள். பிறகு வேறு இடத்துக்குக் கொண்டுபோயாயிற்று என்றார்கள். எந்த இடம் என்றால் அதைச் சொல்லக் கூடாது என்றார்கள். ஒரு நாள் காலையில் வரிசையாக லாரிகள் வெளியே போயின. வேறு லாரிகள் உள்ளே வந்தன. பட்டாளம் மாறிவிட்டது. இவரைப் பிடித்தவன் முகம் எனக்குத் தெரியும், அந்த முகம் விமானம் ஏறிவிட்டது.

புது அதிகாரி நல்லவன் போல இருந்தான். வந்த வாரம் அல்லவா! என்னை உட்காரச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் எங்கள் தலைமையாசிரியர் அறை அது. ஜன்னல்கூட அதே ஜன்னல். வாய் மட்டும் பழைய ஆள். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட் நெடி, கெண்டைக்கால், பாலம், கறிக்கடைக்காரர் பார்த்த தெருநாய், கேமரா. அவன் நடுவில் தடுக்காமல் கேட்டான். பிறகு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவனைக் கூப்பிட்டு ஏதோ விசாரித்தான். அவன் நாய்க் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு என்னிடம் நீளமாகப் பேசினான்.

வாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த நாய்க்கு எல்லா ஊசியும் ஒழுங்காப் போட்டிருக்காம். வருஷா வருஷம் போடுவாங்களாம். பயமே வேண்டாமாம். நடுவுல ஒரு நாள் பல்லைச் சுத்தம் பண்ண டாக்டர்கிட்டக் கொண்டு போயிருந்தாங்களாம். இப்ப அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க. அதோட சிப்பாயே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம். தோட்டம் இருக்கற வீடாம். நல்லா இருக்காம்."

"சரி. எங்க வீட்டுக்காரர்?"

வாய் கேட்டார். அதிகாரி கேட்டான், நாய்க்காரன் கேட்டான், இன்னொருவனைக் கூப்பிட்டும் கேட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் நடிக்கவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"அப்படி யாரும் இங்க இருந்ததாவே இவங்களுக்குத் தெரியலக்கா" என்றார் வாய். "போனவங்களுக்குத்தான் தெரியும்."

கிளம்பும்போது அதிகாரி எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தான். மகளுக்கு என்று ஒரு சாக்லெட் கொடுத்தான்.

இன்று கீச்சுவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை நாள் என்று கேட்டாள். சொல்லவில்லை. கடையிலிருந்து ஒரு காலி பேட்டரிப் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்து, தொட்டிக்கு முன்னால், நன்றாகத் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முகாமையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை எடுக்கவில்லை. பார்த்தால்தானே பிடிக்கிறார்கள்? பிடிக்கட்டும். பிடித்தவர்களைக் கொண்டுபோகிற இடம் என்று ஒன்று இருக்கும், அங்கே என்னையும் கொண்டுபோகட்டும். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்று தெரு பேசும். பேசட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கறிக்கடைக்காரர் கீழே நின்று 'இறங்கி வா தங்கச்சி, இறங்கி வா' என்று அழுகிறார்.

காவல் கோபுரத்தில் இருக்கிற சிப்பாய் ரொம்ப நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னப் பையன். நான் எழுந்து நின்றேன். இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்து, கேமரா பிடிக்கிற மாதிரி அவனை நேராகப் பார்த்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான்.